பிந்தவிட்ட தீப்பொறி: யாழ்ப்பாணத்தின் மண்ணெண்ணெய்க் கார்கள்

1990 ஜூன் மாதம் இரண்டாம் கட்ட ஈழப்போர் மூண்டபோது கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஓடிய யாழ்தேவி ரயில் ஓடாமல் நின்றது. தேசிய மின்வலையிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாடு அறுபட்டது. பெற்றோல் வடக்கே கொண்டுசெல்லக் கூடாத பொருளாயிற்று. சீமெந்து, பற்றரி, யூரியா என்று தடைப்பட்டியல் நீண்டது. விளக்குக்கும் அடுப்புக்குமென்று மட்டுப்படுத்திய அளவில் வந்த எரிபொருள் மண்ணெண்ணெய்தான். அப்படியிருந்தும் 1990க்கும் 1995க்கும் இடையில் யாழ்ப்பாணத் தெருக்களில் ஒஸ்ரின் ஏ40களும் கேம்பிரிட்ஜ்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெய் நாற்றத்துடன் புகை கக்கிக்கொண்டு ஓடின. அந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக ஒரே முடிவுக்குத்தான் வருவார்கள்: தேவை வந்தால் நம் ஆட்கள் எதையும் கண்டுபிடிப்பார்கள் என்று. அந்தப் பெருமிதம் நியாயமானதுதான். ஆனால் அது ஒரு நீண்ட வரலாற்றை ஒரு கணத்துச் சமயோசிதமாகச் சுருக்கிவிடுகிறது. பெற்றோல் எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டும் அறிவு 1990 ஜூனில் ஒரே இரவில் பிறந்ததில்லை. அதற்கு முந்திய முப்பது ஆண்டுகளில் கராஜ்களிலும் தோட்டக் கிணற்றடிகளிலும் சிறுகச் சிறுகச் சேர்ந்த கைப்பழக்கம் அது. அந்தப் பழக்கத்துக்குப் பொருத்தமான இயந்திரமும் கையில் இருந்தது. தீப்பொறி எந்தக் கணத்தில் விழவேண்டும் என்பதை மனிதக் கை திருகி மாற்ற இடம்விட்ட இயந்திரம் அது. இந்த இரண்டில் எது இல்லாதிருந்தாலும் மண்ணெண்ணெய்க் கார் ஓடியிராது என்பதே என் வாதம்.

முதலில் கார்களை எடுத்துக்கொள்வோம். 1960களின் தொடக்கத்தில் இலங்கை அந்நியச் செலாவணி நெருக்கடியில் சிக்கியபோது தனியார் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை அந்த இறுக்கம் தளரவில்லை. ஆகவே 1950களில் கப்பலில் வந்திறங்கிய கார்தான் அடுத்த இருபது, முப்பது ஆண்டுக்கும் கார். வைத்தியரும் சட்டத்தரணியும் மலாயாப் பென்சன்காரரும் புதிதாக வாங்கியது பிறகு கைமாறி வாடகைக் காராயிற்று. அதன் பின்பும் அது கழிக்கப்படவில்லை, திருத்தி ஓட்டப்பட்டது. 1947இல் வெளிவந்த ஏ40 டெவனில் 1200 சிசி எஞ்சின். அதன் அமுக்க விகிதம், அதாவது எரியுமுன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது, 7.2க்கு 1. 1956இல் வந்த மொறிஸ் மைனர் 1000 காரில் 948 சிசி, அமுக்கம் 8.3க்கு 1, தரம் தாழ்ந்த பெற்றோல் கிடைக்கும் நாடுகளுக்கென்று 7.2க்கு 1 என்ற வகையும் செய்யப்பட்டது. அதற்கு முந்திய முதல் மைனர்களின் பக்கவால்வு எஞ்சினில் அமுக்கம் 7க்கும் கீழே. இன்றைய பெற்றோல் கார்களில் அது 10ஐத் தாண்டுவது சாதாரணம். எஞ்சின் எவ்வளவுக்கு அமுக்குகிறதோ அவ்வளவுக்கு நல்ல பெற்றோல் கேட்கும். குறைவாக அமுக்கும் எஞ்சின் எரிபொருளில் அவ்வளவு குறை பார்க்காது. முப்பது வருடத் தேய்மானம் பிஸ்டன் வளையங்களையும் வால்வுகளையும் இன்னும் தளர்த்தியிருந்தால் அந்த அமுக்கம் மேலும் இறங்கியிருக்கும். புதுக் காருக்குக் குறையாக இருக்கும் இந்தத் தளர்ச்சி மண்ணெண்ணெய்க்கு உதவியாக அமைந்தது.

இனி அந்தக் கார்களைத் திருத்தியவர்களின் பழக்கம். உதிரிப்பாகம் தாராளமாகக் கிடைக்கும் ஊரில் மெக்கானிக்கின் வேலை கழற்றி மாற்றுவது. இறக்குமதி அடைபட்ட நாட்டில் அது பழையதை மீட்டெடுப்பது. தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் பொயின்ற் என்ற மின்தொடுமுனை எரிந்து குழி விழுந்தால் தேய்த்துச் சமப்படுத்தி, இடைவெளியை மீண்டும் அளந்து வைக்கவேண்டும். லூக்காஸ் டிஸ்ரிபியூட்டர்களில் அந்த இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 14 முதல் 16 பங்கு வரை. பொயின்ற் இடைவெளி கூடினால் தீப்பொறி முந்தும், குறைந்தால் பிந்தும். ஆகவே பொயின்ற் தேய்த்த ஒவ்வொரு தடவையும் பொறி விழும் கணத்தை, அதாவது டைமிங்கையும் பார்க்கவேண்டியிருந்தது. ஒளிவிட்டுக் காட்டும் டைமிங் விளக்கு இல்லாத கராஜில் அதற்கு ஒரு மெல்லிய தாள் போதும். அதைப் பொயின்ற்களுக்கு நடுவே செருகி லேசாக இழுத்துப் பிடித்தபடி எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றினால், பொயின்ற் விலகும் கணத்தில் தாள் கழன்று வரும். அந்தக் கணத்தில்தான் பொறி விழும். எஞ்சினின் முன்பக்கக் கப்பியில் உள்ள குறியோடு அதை ஒப்பிட்டு, டிஸ்ரிபியூட்டரின் உடலை முன்னோ பின்னோ நகர்த்தி இறுக்கினால் வேலை முடிந்தது. உலகம் முழுவதும் பழைய கார் மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த வழிதான் இது. ஆனால் மற்ற இடங்களில் கார்கள் புதிதாக மாறிக்கொண்டிருந்தபோது இங்கே அதே கார்கள் அதே கராஜுக்குத் திரும்பத் திரும்ப வந்தன. ஒரே எஞ்சினை முப்பது வருடம் கேட்ட காது அதன் ஒவ்வொரு சத்தத்தையும் அறியும்.

இந்த டைமிங் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். வாதத்தின் அச்சாணி இதுதான். சிலிண்டருக்குள் இருக்கும் காற்றும் எரிபொருளும் கலந்த கலவை பொறி விழுந்த மாத்திரத்தில் முழுவதும் எரிந்துவிடாது. தீ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பரவ நேரம் எடுக்கும். பிஸ்டன் உச்சியைத் தாண்டிக் கீழே இறங்கத் தொடங்கும்போது அழுத்தம் முழுமையாக இருக்கவேண்டுமானால், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சில பாகைகள் முன்னரே பொறி விழவேண்டும். எஞ்சின் வேகமாகச் சுழலும்போது நேரம் குறைவதால் பொறி இன்னும் முந்தவேண்டும். இந்த வேலையை டிஸ்ரிபியூட்டரின் அடியில் வில்கம்பியால் பிணைத்த இரு எடைகள் செய்கின்றன. சுழற்சி கூடக்கூட அவை வெளியே விரிந்து பொறியை முந்தவைக்கும். இன்னொரு கணக்கும் உண்டு. சமதரையில் மெதுவாகக் கால் வைத்து ஓட்டும்போது சிலிண்டருக்குள் போகும் கலவை குறைவு. ஐதான கலவை ஆறுதலாக எரியும். ஆகவே பொறி மேலும் முந்தினால்தான் எரிபொருள் வீணாகாது. இதைக் கவனிப்பது வக்கூம் அட்வான்ஸ். காற்றையும் எரிபொருளையும் கலக்கும் காபரேட்டரில், காற்றுத் தட்டின் விளிம்பருகே தொடங்கும் ஒரு மெல்லிய குழாய், டிஸ்ரிபியூட்டரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தட்டையான தகரக் கிண்ணத்துக்குப் போகிறது. கிண்ணத்துக்குள் ஒரு ரப்பர்ப் படலம். மெல்லிய ஓட்டத்தில் எஞ்சின் காற்றுக்காக இழுக்கும் இழுப்பு அந்தப் படலத்தை இழுக்க, படலம் பொயின்ற் தட்டைத் திருப்பி, பொறியை முந்தவைக்கிறது. காலை அழுத்தி மிதித்தால் அந்த இழுப்பு இல்லாமற்போகும், வில்கம்பி தட்டைப் பழைய இடத்துக்குத் தள்ளும், பொறி பிந்தும்.

மைனரிலும் கேம்பிரிட்ஜிலும் இருந்த லூக்காஸ் டிஸ்ரிபியூட்டரில் இவற்றோடு மூன்றாவது ஒன்றும் இருந்தது. வக்கூம் கிண்ணத்தோடு சேர்ந்து, விரலால் திருகக்கூடிய, விளிம்பில் வரிவெட்டிய ஒரு சின்னத் திருகு. ஒரு பக்கம் ஏ, மறுபக்கம் ஆர் என்ற எழுத்துகள். முதலாவது முந்தவைக்க, இரண்டாவது பிந்தவைக்க. அதன் தண்டில் கோடுகள் உண்டு. ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போனால் டைமிங் ஏறத்தாழ 5 பாகை மாறும்; அதற்குத் திருகு 55 தரம் சொடுக்கும். சாவியோ ஸ்பானரோ தேவையில்லை. பிரித்தானிய உற்பத்தியாளர்கள் இதை வைத்ததற்குக் காரணம் எரிபொருள்தான். 1939இல் இரண்டாம் உலகப்போர் தொடங்கியதிலிருந்து 1953 பெப்ரவரி வரை பிரித்தானியாவில் நிறுவனப் பெயர்களோடு பெற்றோல் விற்கப்படவில்லை. தரம் தாழ்ந்த பொதுப் பெற்றோல் ஒன்றுதான் எல்லாப் பம்புகளிலும் கிடைத்தது. அந்தப் பெற்றோலில் ஓடிப் பழகிய நாட்டால், ஏற்றுமதி செய்த கார் எந்தத் துறைமுகத்தில் எந்தத் தரத்து எண்ணெயைச் சந்திக்கும் என்பதையும் முன்கூட்டி அறியமுடியாது. ஆகவே எரிபொருளுக்கேற்ப டைமிங்கை மாற்றும் உரிமையைக் காரோடு சேர்த்தே விற்றார்கள். அந்தத் திருகை யாழ்ப்பாணம் அதன் எல்லைவரை கொண்டுபோய்ப் பயன்படுத்தியது என்று சொன்னால் மிகையாகாது.

மண்ணெண்ணெய் ஏன் அந்த எல்லையில் நிற்கிறது? விளக்குக்கு நல்ல மண்ணெண்ணெய் என்பது புகையாமல் எரிவது. புகை தரும் நறுமணச் சேர்மங்களைச் சுத்திகரிப்பில் குறைத்துத்தான் அதை அப்படி ஆக்குகிறார்கள். எஞ்சினுக்கோ அந்தச் சேர்மங்கள்தான் நல்லவை. கலவை தானாக வெடித்துவிடாமல் தாங்கிப்பிடிப்பது அவைதான். பிரித்தானிய உழவு இயந்திரங்களுக்கென்று தனியாக ஒரு மண்ணெண்ணெய் வகை விற்கப்பட்டபோது அந்தச் சேர்மங்களைக் கூட்டி, அந்தத் தாங்குதிறனைக் காட்டும் ஒக்டேன் எண்ணை ஏறத்தாழ 55 முதல் 70 வரைக்கு உயர்த்தியிருந்தார்கள்; அதற்கும் 1949இல் வந்த பெர்குசன் மண்ணெண்ணெய் ட்ராக்டரின் அமுக்கத்தை ஏறத்தாழ 5க்கு இறக்கவேண்டியிருந்தது. குடாநாட்டுக்கு வந்ததோ விளக்கு மண்ணெண்ணெய். அதன் ஒக்டேன் அதைவிட மிகத் தாழ்வு. அதை ஊற்றிய எஞ்சின்களில் பெரும்பாலானவற்றின் அமுக்கமோ 7க்கோ 8க்கோ மேல். பெற்றோலுக்கு வைத்த டைமிங்கில் அதை ஓட்டினால், தீ பரவி முடியுமுன் மூலையில் இருக்கும் கலவை தானாக வெடிக்கும். எஞ்சின் கணகணவென்று தட்டும். நீண்டநேரம் தட்டினால் பிஸ்டன் உடையும். இதற்கு முதல் மருந்து பொறியைப் பிந்தவிடுவது. ஆர் பக்கம் திருகி, போதாவிட்டால் டிஸ்ரிபியூட்டரையே நகர்த்தி, உச்ச அழுத்தத்தைக் கீழே இறக்கினால் தட்டல் அடங்கும்.

பிந்தவிடுவதால் வேறு இரண்டு நன்மைகளும் தாமாக வந்தன. மண்ணெண்ணெய் சூட்டில்தான் ஆவியாகும். தாமதமாக எரிந்த கலவை இன்னும் சூடாக இருக்கும்போதே வெளிக்குழாய்க்குள் போகிறது. ஒஸ்ரின், மொறிஸ் எஞ்சின்களில் உள்வாங்கும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால், அந்தச் சூடு புதிதாக உள்ளே வரும் மண்ணெண்ணெய்க்கும் கிடைக்கும். இரண்டாவது, பற்றரித் தடையோடு தொடர்புடையது. பற்றரி செத்த காரை முன்னால் ஹாண்டில் போட்டுச் சுற்றித்தான் கிளப்பவேண்டும். பொறி அதிகம் முந்தியிருந்தால் எஞ்சின் பின்னால் உதைத்து மணிக்கட்டை முறித்துவிடும். பிந்தியிருந்தால் அந்த ஆபத்து குறைவு. ஆனால் எவ்வளவு பிந்தலாம் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. அளவுக்கு மீறினால் எஞ்சின் பலமிழக்கும், ரேடியேற்றர் கொதிக்கும், புகைவால்வு கருகும். தட்டலுக்கும் கொதிப்புக்கும் இடையில் உள்ள இடுக்கான இடத்தில் திருகை நிறுத்தவேண்டும். அந்த இடம் காருக்குக் கார், தேய்மானத்துக்குத் தேய்மானம், கிடைத்த எண்ணெயின் தரத்துக்குத் தரம் மாறும். கைநூலில் அதற்கு எண் கிடையாது. காரை மேல்கியரில் விட்டு, காலை முழுக்க மிதித்து, மெல்லிய தட்டல் கேட்கும் இடத்திலிருந்து அது மறையும்வரை திருகிக்கொண்டுவரும் பழைய வழிதான் ஒரே அளவுகோல். அதற்குக் காதுதான் கருவி.

வக்கூம் கிண்ணத்தின் மதிப்பும் இங்கேதான் தெரிகிறது. அடிப்படை டைமிங்கைப் பிந்தவிட்ட எஞ்சின் எப்போதும் பிந்தியே எரித்தால் எண்ணெயைக் குடித்துத் தள்ளும். வக்கூம் அட்வான்ஸ் நல்ல நிலையில் இருந்தால், தட்டும் ஆபத்து இல்லாத மெல்லிய ஓட்டத்தில் மட்டும் அது பொறியை மீண்டும் முந்தவைத்து, மிதித்தவுடன் விலகிக்கொள்ளும். குடாநாட்டுத் தரை இதற்கு மிகவும் ஏற்றது. ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீற்றர் பரப்பில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு மேடும் இல்லை. யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை 20 கிலோமீற்றருக்குள், பருத்தித்துறை 35 கிலோமீற்றருக்குள். குண்டும் குழியுமான தெருவில் மெதுவாக, பெரும்பாலும் அரைக்காலில் ஓடும் ஓட்டம். கண்டி மலைத் தெருவில் இதே எஞ்சின் இதே மண்ணெண்ணெயில் முதல் ஏற்றத்திலேயே தட்டத் தொடங்கிவிடும். ஆனால் முப்பது வருடத்து ரப்பர்ப் படலம் கிழிவது இயல்பு. கிழிந்தால் அட்வான்ஸ் இல்லாமற்போவதோடு அந்த வழியே காற்றும் கசியும். படலம் நல்லதா என்று அறிய இயந்திரம் எதுவும் வேண்டாம். குழாயின் நுனியை வாயில் வைத்து உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பிடித்தால், பொயின்ற் தட்டு அசைந்து அப்படியே நிற்கவேண்டும்; மெல்லத் திரும்பி வந்தால் படலத்தில் ஓட்டை. இவ்வளவு எளிய சோதனையில்தான் ஒரு போத்தல் மண்ணெண்ணெயில் எத்தனை கட்டை போகலாம் என்பது தங்கியிருந்தது.

இந்த அறிவு 1990க்கு முன்பே குடாநாட்டில் இருந்தது என்பதற்குத் தோட்டங்களே மிக வலுவான சான்று. யாழ்ப்பாணத்துச் செம்மண் விவசாயம் கிணற்றிறைப்பில் வாழ்வது. துலா மிதித்து இறைத்த இடத்தில், சுதந்திரத்துக்குப் பிந்திய ஆண்டுகளில், சிறிய மண்ணெண்ணெய் இறைப்பு மெஷின்கள் பரவின. 1970இல் வந்த அரசு வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது குடாநாட்டுத் தோட்டக்காரர் கையில் பணம் புழங்கியது, மெஷின்களும் பெருகின. அந்த மெஷினைக் கிளப்பும் முறை எது? முதலில் கொஞ்சம் பெற்றோலில் கிளப்பிச் சூடாக்கு. சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்று. நிறுத்துவதற்குமுன் காபரேட்டரில் மண்ணெண்ணெய் தங்காமல் பார். குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்துத் தோட்டக்காரருக்கும் அவருடைய மகனுக்கும் இது விடியற்காலை வேலை. கடற்கரையிலும் இதே கதைதான். மீன்பிடிப் படகுகளின் வெளியிணைப்பு எஞ்சின்களும் பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுபவை. 1990களில் கார்க்காரர் ஒரு பிளாஸ்ரிக் போத்தலில் கிடைத்தற்கரிய பெற்றோலைக் கொஞ்சம் வைத்துக்கொண்டு, காபரேட்டரின் வாயில் பீச்சிக் கிளப்பி, பின் மண்ணெண்ணெயில் பிடித்துக்கொண்டபோது, கிணற்றடியில் அவர் பார்த்து வளர்ந்த முறையைத்தான் தெருவுக்குக் கொண்டுவந்தார். இடையில் ஒரு பயிற்சிக் காலமும் அமைந்தது. 1987 ஜனவரியில் அரசு யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடை விதித்தது; அது சில மாதங்கள் நீடித்தது. 1990இல் வந்தது குடாநாட்டின் முதல் தட்டுப்பாடு அன்று.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றுள் முதலாவது மோட்டார் சைக்கிள். எம்.டி. 90 போன்ற ஹொண்டாக்களும் அந்தக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றில் வக்கூம் கிண்ணமும் இல்லை, ஆர் எழுத்துத் திருகும் இல்லை. அப்படியானால் டைமிங்குக்கு இவ்வளவு இடம் கொடுப்பது மிகையல்லவா? நியாயமான கேள்வி. விடை சிலிண்டரின் அளவில் இருக்கிறது. 90 சிசி எஞ்சினின் சிலிண்டர் குறுகலானது. தீ பரவவேண்டிய தூரம் குறைவு. மூலையில் இருக்கும் கலவை தானாக வெடிக்குமுன் தீ அங்கே போய்ச் சேர்ந்துவிடும். காற்றில் குளிரும் எஞ்சின் என்பதால் அதன் தலை சூடாகவே இருக்கும். மண்ணெண்ணெய் ஆவியாவது சுலபம். ஆகவே சின்ன எஞ்சினுக்குப் பெரிய திருத்தம் தேவைப்படவில்லை. தண்ணீரில் குளிரும், அகன்ற சிலிண்டர்கள் நான்கு கொண்ட, ஐந்தாறு பேரை ஏற்றிய வாடகைக் காருக்கு அந்த வசதி இல்லை. அங்கே டைமிங் தெரியாதவர் கையில் எஞ்சின் தட்டியே அழியும்.

இரண்டாவது மறுப்பு சான்றைப் பற்றியது. கராஜ்காரர் நாட்குறிப்பு எழுதுவதில்லை. எந்தக் காரை எத்தனை பாகை பிந்தவிட்டார் என்று எவரும் கணக்கு வைப்பதில்லை. அப்படியிருக்க இவ்வளவு உறுதியாக எப்படிப் பேசலாம் என்று வரலாற்று மாணவர் கேட்கலாம். ஆனால் எழுத்து மட்டுமே சான்று என்று கொண்டால் கைவேலைகளின் வரலாற்றை எந்த ஊரிலும் எழுதமுடியாது. இயந்திரமும் ஒரு சான்றுதான். அது சொல்வதை மாற்றிச் சொல்லவைக்க முடியாது. 7க்கு மேல் அமுக்கம் உள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின் விளக்கு மண்ணெண்ணெயில் ஆள் ஏற்றி ஓடியது என்பது ஊரறிந்த உண்மை. அது பெற்றோல் டைமிங்கில் நெடுநாள் ஓட முடியாது என்பது இயற்பியல். ஆகவே இடையில் ஒரு கை அதை மாற்றியது என்பது ஊகமன்று, கணக்கு. கூடுதல் கெஸ்கற் வைத்து அமுக்கத்தை இறக்குவது, தலையைக் கழற்றிக் கரி சுரண்டுவது, எஸ்.யூ. காபரேட்டரின் அடியிலுள்ள நட்டைத் திருகிக் கலவையைச் சரிசெய்வது என்று மற்ற வழிகளும் உண்டு. அவை டைமிங்குக்குத் துணை. காசு செலவில்லாமல், எதையும் கழற்றாமல், ஒரு நிமிடத்தில் தட்டலை அடக்கக்கூடியது டைமிங் ஒன்றுதான். அரிதாகக் கொஞ்சம் பெற்றோல் கிடைத்தால் அதே நிமிடத்தில் திரும்ப முந்தவைக்கவும் முடியும்.

மூன்றாவது மறுப்புத்தான் எல்லாவற்றிலும் கனமானது: இப்படி எழுதுவது பொருளாதாரத் தடையை அழகுபடுத்துவதாகாதா? அந்த ஆபத்து உண்மையானது. அதனால் விலையையும் சேர்த்தே எழுதவேண்டும். முழுதாக ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரில் வழிந்து, எஞ்சின் ஒயிலோடு கலந்து அதை நீர்க்கச் செய்யும். நீர்த்த ஒயில் பெயாரிங்குகளைத் தின்னும். மாற்றுவதற்குப் புது ஒயிலும் அரிது. சாவியைத் திருப்பி நிறுத்திய பின்னும் உள்ளே கனன்ற கரியில் தானாகப் பற்றி எஞ்சின் உலுக்கிக்கொண்டு ஓடும்; கியரில் போட்டு அமத்தித்தான் நிறுத்தவேண்டும். அந்தப் புகையைத் தெருவில் போனவர்கள் எல்லோரும் சுவாசித்தார்கள். காருக்குள் ஊற்றிய ஒவ்வொரு போத்தலும் ஒரு வீட்டு விளக்கின் எண்ணெய். அதே காலத்தில் பிள்ளைகள் எண்ணெய் மிச்சம் பிடிக்கும் ஜாம் போத்தல் விளக்கில் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆகையால் அந்தக் கார்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கும் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் வாடகைக்குப் போனவை. அன்றாடப் போக்குவரத்தின் பெரும்பகுதி சைக்கிளின் தோளில் விழுந்திருந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி போர் நெருங்கி வலிகாமம் முழுவதும் வெளியேறியபோது இலட்சக்கணக்கான மக்கள் பெரும்பாலும் நடந்தும் சைக்கிள் உருட்டியும்தான் கிழக்கே தென்மராட்சிக்குப் போனார்கள். எவ்வளவு கெட்டித்தனமும் பெற்றோலுக்கு ஈடாகவில்லை என்பதற்கு அந்த நாளே சாட்சி. தடையைத் தாங்கிய திறமையைப் பதிவுசெய்வது தடைக்குத் தரும் நற்சான்றிதழ் ஆகாது. அந்தத் திறமை எவ்வளவு செலவில் வந்தது என்று சொல்லாமல் விட்டால்தான் அது பொய்யாகும்.

உலகில் இதற்கு ஒப்பாகக் கியூபாவைச் சொல்வார்கள். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தடை வந்தபின் அங்கேயும் 1950களின் கார்கள் பல தலைமுறை ஓடின. ஆனால் அந்தத் தீவுக்குப் பல ஆண்டுகள் சோவியத் எண்ணெய் கிடைத்தது. அங்கே முதல் குறை உதிரிப்பாகம். குடாநாட்டில் உதிரிப்பாகக் குறை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1990இல் எரிபொருளே இல்லாமற்போனது. பாகமில்லாத காலத்தில் கற்றதை எரிபொருளில்லாத காலத்தில் பயன்படுத்தியதுதான் யாழ்ப்பாணத்தின் தனித்தன்மை. முந்திய பஞ்சம் பிந்திய பஞ்சத்துக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தாகி, சில வாரங்களில் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்தபோது, கொழும்பிலிருந்து ஜப்பானிய வாகனங்கள் வந்தன. அவற்றில் பொயின்ற் இல்லை. பின்னாளில் டிஸ்ரிபியூட்டரே இல்லை. தட்டலைக் கேட்பதற்கு எஞ்சினிலேயே ஓர் உணரி. பொறியைப் பிந்தவிடுவதற்கு ஒரு கணினி. அந்தக் கணினி மெக்கானிக்கின் காதைவிடத் துல்லியமானது, எரிபொருளை மிச்சம் பிடிப்பது, புகையைக் குறைப்பது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது தனக்குச் சொல்லித்தரப்பட்ட எல்லைக்குள்தான் மாற்றும். அந்த எல்லை எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் வகுக்கப்பட்டது. மோட்டார் வாகனத்தின் தொடக்கக் காலத்தில் பொறியை முந்தவிடும் நெம்பு ஸ்ரியரிங் சில்லுக்கு அருகில், சாரதியின் கையில் இருந்தது. எடைகளும் வக்கூமும் அதைச் சாரதியிடமிருந்து எடுத்துக்கொண்டாலும் மெக்கானிக்குக்கு ஒரு திருகை விட்டுவைத்தன. கணினி அந்தத் திருகையும் எடுத்துக்கொண்டது. 2022இல் நாடு முழுவதும் பெற்றோலுக்கு வரிசையில் நின்றது, எரிபொருள் கியூ.ஆர். குறியீட்டுக்குப் பங்கிடப்பட்டது, அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலையே லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. 1990இன் நெருக்கடியோடு அதை ஒப்பிட முடியாது. ஆனால் ஒரு விடயத்தை அது தெளிவாக்கியது: எரிபொருளைத் தெளிக்கும் நவீன எஞ்சினுக்கு விளக்கு மண்ணெண்ணெய் ஊற்றி, காதால் கேட்டு, கையால் திருகி ஓட்டும் வழி கிடையாது. அறிவு கையில் இருந்தாலும் அதைச் செலுத்த இயந்திரத்தில் இடமில்லை.

பழைய இயந்திரங்களுக்குத் திரும்பிப் போகலாம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ஒரு சமூகம் நெருக்கடியைத் தாங்குவது வீரத்தினால் மட்டும் என்று நம்பினால், அதற்கு அடியில் இருந்த அமைதியான ஆயத்தத்தை நாம் காணாமல் விட்டுவிடுவோம். அந்த ஆயத்தம் தோட்டக்காரரின் இறைப்பு மெஷினிலும், கராஜ்காரர் தேய்த்துத் தேய்த்துப் பாவித்த பொயின்றிலும், திருத்த இடம்விட்ட ஒரு டிஸ்ரிபியூட்டரிலும் இருந்தது. அந்தக் கைகளுக்குரியவர்கள் முதுமையடைந்துகொண்டிருக்கிறார்கள். பலர் புலம்பெயர்ந்தும் போய்விட்டார்கள். தடைக்காலத்தின் அரசியலையும் போரின் கணக்கையும் எழுத ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்து டைமிங்கை, காபரேட்டரை, ஒயிலை, இறைப்பு மெஷினைப் பற்றி அந்தக் கராஜ்காரரிடமும் தோட்டக்காரரிடமும் கேட்டு, அவர்களுடைய சொல்லிலேயே பதிவுசெய்யும் வேலை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மாணவருக்கும் தொழில்நுட்பக் கல்லூரியின் மாணவருக்கும் சமமாக உரியது. ஒருவர் கேட்கவேண்டிய கேள்வியை மற்றவர்தான் சொல்லிக்கொடுக்க முடியும் என்பதால் இருவரும் சேர்ந்தே அதைச் செய்யவேண்டும். அப்போதுதான் மண்ணெண்ணெய்க் கார் ஒரு பெருமைக் கதை என்ற நிலையிலிருந்து, எப்படிச் சாத்தியமாயிற்று என்று அறிந்த வரலாறாக உயரும். அடுத்த தட்டுப்பாட்டுக்கு எதைக் கையில் வைத்திருக்கவேண்டும், எந்த இயந்திரத்தைத் திறக்கத் தெரிந்திருக்கவேண்டும் என்று தீர்மானிக்க உதவுவது அந்த வரலாறுதான்.